கோட்டைச்சாமி பார்த்த வண்டி

என் அக்கா ராஜாத்தியின் புருஷன் கோட்டைச்சாமி எதையும் நம்ப மாட்டார். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வெளியே மழை கொட்டுகிறது என்று சொன்னால்கூட, மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். இப்படி ஒரு மனிதருக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோமே என்று நான் பல தடவை வயிறெரிந்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சந்தேகம்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. 1996-ல் ஆர்.எக்ஸ். நூறு பைக் புதிதாக வருவது நின்றதும் பழைய யமஹாவுக்கு மவுசு கூடியது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும், மலை இறங்கி கேரளாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எஞ்சினுக்குள் ஜப்பானில் செய்த கிராங்க் இருக்க வேண்டும், டேங்கில் பழைய பெயிண்டே இருக்க வேண்டும், சைலன்சரை அறுத்திருக்கக் கூடாது என்பார்கள். சிலருக்கு நேர் எதிராக, அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றிக் கட்டிய வண்டிதான் வேண்டும். இரண்டு வகைக்கும் வண்டி தேடிக் கொடுத்தவர் அனுமந்தன்பட்டி கோட்டைச்சாமி.

தேடும் விதமே தனி. பெட்ரோல் பங்கில் போய் நின்று, பெட்ரோலோடு கலக்க யார் டூ-டி ஆயில் கேட்கிறார்கள் என்று பார்ப்பார். பழைய வண்டிக்காரன்தானே அதைக் கேட்பான்? அவன் பின்னாலேயே வீடு வரைக்கும் போய்விடுவார். போடியில் ஏலக்காய்ச் சாக்குகளுக்கு அடியில் கிடந்த ராஜ்தூத் 350-ஐ அப்படிப் போன ஒரு வீட்டில்தான் பிடித்தார். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு வண்டியின் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை.

வண்டியைக் கண்டதும் ஆசைப்பட மாட்டார். விலை குறைத்துச் சொன்னால், "எதுக்குக் குறைக்கிறான்?" என்பார். காபி கொடுத்து உபசரித்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பர் மேல் தாளை ஒட்டி வைத்து பென்சிலால் தேய்ப்பார். ஒரு எழுத்து ஆழம் கூடியிருந்தாலும் தாளில் தெரிந்துவிடும். சரியாக இருந்தால், 'வண்டியைப் பார்த்தேன், நம்பர் சரி' என்று அந்த நம்பரையும் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். வண்டி எத்தனை கை மாறினாலும் அந்தச் சீட்டும் கூடவே போகும். ஆர்.சி. புக்கைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைக் கேட்டவர்கள் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அவருக்கு இருந்த பேர் அது. சொத்தும் அதுதான்.

2006-ல் அவருடைய மகள் முத்துலட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுந்தரலிங்கம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆபீஸில் கிளார்க். வரச் சொல்வதற்கு முன்னால் கோட்டைச்சாமி மூன்று மாதம் அந்தப் பையனை விசாரித்தார். அவன் முடி வெட்டும் கடையைக்கூட விடவில்லை. ஒரு குறையும் கிடைக்காததே அவருக்குக் குறையாக இருந்தது.

அப்பா அம்மா காரில் வர, மாப்பிள்ளை மட்டும் கறுப்பு ஆர்.எக்ஸில் வந்து இறங்கினான். ஜன்னல் வழியாகப் பார்த்த முத்துலட்சுமிக்கு அவனைப் பிடித்துவிட்டது. "புள்ள மொகத்தப் பாருடா" என்று அக்கா என் காதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்.

கேசரித் தட்டு வந்தது. கோட்டைச்சாமி தட்டைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி தம்பியோடதா?"

"ஆமாங்கய்யா. போடியில வாங்கி நாலு வருசம் ஆச்சு. ஜப்பான் கிராங்க்."

எழுந்து போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து, கையில் தாளோடு திரும்பி வந்தார்.

"கடைசி ரெண்டு நம்பர அரத்தால ராவிட்டு வேற குத்தியிருக்கு. திருட்டு வண்டியில ஏறிப் பொண்ணு பாக்க வந்திருக்காக" என்றார், சபை நடுவில்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சுந்தரலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. வெளியே போய் ஆர்.சி. புக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினான்.

"ஐயா, எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? இந்தச் சீட்ட நம்பித்தான் வாங்குனேன். நீங்க குடுத்த சீட்டுதான இது?"

நான் எட்டிப் பார்த்தேன். 1999-ல் எழுதியது, வண்டியில் இப்போது இருக்கும் அதே நம்பர். கீழே கோட்டைச்சாமியின் கையெழுத்து. அவருக்கும் தெரிந்துவிட்டது. இது ஒன்று பொய்யென்று வெளியே தெரிந்தால், பத்து வருஷமாக அவர் பார்த்துக் கொடுத்த அத்தனை வண்டியையும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள்.

"இது என் கையெழுத்து இல்ல" என்றார். "எவனோ போலியாப் போட்டிருக்கான்."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "வாங்க போவோம். நம்மளக் களவாணினு சொல்றாக, உக்காந்து கேசரி திங்கவா?"

அப்போது முத்துலட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது நான் எழுதுனது."

எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய எழுத்து அவருக்கே புரியாது என்பதால், பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அவள்தான் சீட்டுகளை எழுதியிருக்கிறாள். அவர் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

"மேகமலையிலருந்து எஸ்டேட்காரரு கொண்டுவந்த வண்டிப்பா. நல்ல மழை. நீங்க வாசலுக்கே போகாம, எழுதுடினு சொன்னீக."

கோட்டைச்சாமி மகளை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியைப் பார்க்கிற அதே பார்வை.

"எத்தன நாளாப் பழக்கம்?"

"என்னப்பா?"

"இந்தப் பையன எத்தன நாளாத் தெரியும்? அவனுக்காக எம் பேரக் கெடுக்க வாறியே."

"வாயக் கழுவுங்க!" என்று அக்கா கத்தினாள். நான் அடித்தே இருப்பேன், கைகளைக் கட்டிக்கொண்டேன்.

முத்துலட்சுமி அழவில்லை. நோட்டை எடுத்து வந்து அதே வரியை எழுதி, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தாளு நனைஞ்சிரும்னு அன்னைக்குத் தேய்க்கல. எஸ்டேட்காரரு பொய்யா சொல்லப் போறாகனு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான், தம்பி."

மறுநாள் அவரும் சுந்தரலிங்கமும் அந்த வண்டியை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் நினைத்துப் பயந்த மாதிரியே நடந்தது. தை மாதத்துக்குள் வண்டி பார்க்கச் சொல்லி ஆட்கள் வருவது அறவே நின்றுபோனது. ஆனால் பெரியகுளத்துக்காரர்கள் பெரிய மனசுக்காரர்கள். "சபையில தப்ப ஒத்துக்கிட்ட மனுசன்" என்று சொல்லி, அந்தத் தையிலேயே கல்யாணத்தை முடித்தார்கள். முத்துலட்சுமி நன்றாக இருக்கிறாள். அப்பாவிடமும் முகம் கொடுத்துப் பேசினாள். நானும் எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

2009 சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் கோட்டைச்சாமியும் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் பக்கம் குனிந்தார்.

"ஏன் மாப்ள, நெசமாவே பொண்ணு பாக்க வந்த அன்னைக்குத்தான் அவன மொதல்ல பாத்திருப்பாளா?"

எனக்கு வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. சொல்வதற்குள் நிமிர்ந்து பார்த்தேன். முத்துலட்சுமி காபித் தம்ளர்களோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

தம்ளர்களைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ப் பிள்ளையையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இல்லம்மா, போறேன்" என்றாள். கோட்டைச்சாமி செருப்புகூடப் போடாமல், "ஆத்தா, சும்மா கேட்டேன் ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னால் ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் அவள் தோள் வழியாகத் தாத்தாவைப் பார்த்துக் கையாட்டியது.

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றார்.

"வருவாள்ல மாப்ள?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?