த்ரீ ஹண்ட்ரட் மேக்னமும் ஒரு கைப் பொரியும்

த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் துப்பாக்கியைச் சுடுகிறவன், குறிபார்க்கும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை நாலு விரல்கடையாவது தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். இது எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஷார்ஜாவில், ரோலா பக்கம், வேட்டைச் சாமான் விற்கும் கடையில் நானும் அந்த மனுசனும் வேலை பார்த்தோம். அவர் சீனியர் சேல்ஸ்மேன், எனக்குப் பக்கத்து ஊர்க்காரர், ரூமில் என் கட்டிலுக்கு மேல் கட்டில். தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரத்தை அவர் பெட்டியிலேயே கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவர் கல்யாண சி.டி.யை ரூமில் போட்டுக் காட்டினார். தங்கை கையில் அண்ணன்காரன் பொரி போட வேண்டிய இடம் வந்தது. பட்டு வேட்டியோடு இவர் நின்று போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ இல்லாத குறையே தெரியலடா," என்று சிரித்தார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மறுவாரம் மேனேஜர் பேச்சுவாக்கில் சொன்னார்: "சொந்தத் தங்கச்சி இல்லையாமே, பெரியப்பா மகளாமே. உன் ஊர்க்காரர்தான் சொன்னார். அதான் லீவு தரல."

பாவிப்பயல்! என் கூடப்பிறந்தவளை ஒன்றுவிட்டவளாக்கிவிட்டு, தானே உடன்பிறந்தவனாகப் போய் நின்றிருக்கிறான். அன்றிலிருந்து மனசுக்குள் அவர் 'அவன்' ஆனான். வாயில் மட்டும் அண்ணே. இரு, உனக்கு வைக்கிறேன் ஆப்பு என்று காத்திருந்தேன்.

குளிர் தொடங்கும் சமயம் அல் ஐனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெளிநாட்டு மலையில் காட்டாடு வேட்டைக்குப் போகிறாராம். அந்த ஆடு மனிதனைக் கிட்டே விடாது. முந்நூறு, நானூறு மீட்டரில் சுட்டால்தான் உண்டு. எந்தக் காலிபர் துப்பாக்கி, எந்தக் குண்டு என்று கேட்டார்.

யார் வந்தாலும் பெரியதைத் தலையில் கட்டுவது அவன் பழக்கம். "த்ரீ ஹண்ட்ரட் மேக்னம். ஒட்டகமே விழும்," என்றான்.

பெரியவர் வலது தோளைத் தடவிக்கொண்டே பேசியதை நான் பார்த்தேன். அந்தத் தோளுக்கு அதைவிடச் சின்ன டூ செவன்டி போதும் என்றேன். உதை குறைவு, பயப்படாமல் விசையை இழுக்கலாம். அதிலும் கனமான, நீண்ட, கூர்மூக்குக் குண்டு வேண்டும். லேசான குண்டு கிளம்பும்போது வேகமாகப் பறக்கும், தூரம் போகப்போகக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மூக்கு உள்ளே பட்டதும் விரிய வேண்டும். முழுக்கச் செம்பு போர்த்தியது ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும், ஆடு காயத்தோடு மலையேறி எங்கோ கிடந்து சாகும்.

"சும்மா இருடா, பெரிய வேட்டைக்காரன்!" என்று அவன் அடக்கினான்.

பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "யல்லா," என்று எழுந்து, இரண்டையும் சுட்டுப் பார்க்கும் ரேஞ்சில் அவனையே சுட்டுக் காட்டச் சொன்னார். ரேஞ்சுக்கு எப்போதும் போவது நான்தான். அவன் கடையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. அதைப் பெரியவர் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வருமா?

ரேஞ்சில் த்ரீ ஹண்ட்ரட் மேக்னத்தோடு பாயில் குப்புறப் படுத்தான். கழுத்தை நீட்டி நீட்டி, ஸ்கோப்போடு கண்ணை ஒட்டியே வைத்தான். பின்னால் நின்ற எனக்கு ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பொரி ஞாபகமும் கூடவே வந்தது. வார்த்தையை விழுங்கினேன்.

வெடித்தது. "ஐயோ அம்மா!" என்று புருவத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான். விரலிடுக்கில் ரத்தம். பெரியவர் "கலாஸ்", போதும் என்று கைக்குட்டையை அவனிடம் நீட்டிவிட்டு, டூ செவன்டியைக் கையில் எடுத்தார்.

கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டே கேட்டான்: "ஏன்டா, கண்ணத் தள்ளி வைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொந்தத் தம்பியா இருந்தா சொல்லியிருப்பேண்ணே. நான் பெரியப்பா மகன்தானே?"

அவன் முழித்தான். ஆஹா, அந்த முழி! அதைப் பார்க்க இன்னொரு லீவையும் விட்டிருப்பேன்.

அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அந்தண்ணனுக்கு நெத்தியில அடியாமே? கண்ணுக்கு ஒண்ணுமில்லையே? மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டேன்."

"கண்ணு தப்பிச்சிருச்சு," என்றேன்.

ஹாலில் கல்யாணப் படம் மாட்டியிருந்தாள். அதில் அவன் நெற்றி வழவழவென்று இருந்தது. அவன் கையிலிருந்து என் தங்கை கைக்குப் பொரி விழுந்துகொண்டிருந்தது.