ஏஞ்சலின் ஏறி நின்ற தராசு

பாலக்கோட்டில் யாரை நிறுத்தி ஏஞ்சலின் யார் என்று கேட்டாலும், "அந்த பாக்சிங் புள்ளையா? நம்ம மண்டி குப்புராஜ் கண்டுபிடிச்ச புள்ளைங்க" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்டுபிடிக்க அவள் என்ன கிணற்றிலா விழுந்து கிடந்தாள்? குப்புராஜின் தக்காளி மண்டியில் அவளும் நானும் பல வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நான் எழிலரசி, பழத்தைத் தரம் பிரிப்பவள். அவள், எடை போட்டு முடிந்த கிரேட்டுகளை லாரியில் ஏற்றுபவள். சேர்ந்த அன்றே, "ஆம்பள கூலி குடுத்தா ஏத்தறேன், இல்லைன்னா நீங்களே ஏத்திக்கங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்த அடியில் குப்புராஜ் ஒத்துக்கொண்டார். அவர் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

அவள் குத்துச்சண்டைக்குப் போன கதையும் பெரிய லட்சியக் கதை இல்லை. பள்ளிக்கூடத்தில் கபடிக்குத்தான் பெயர் கொடுத்தாள். கபடியில் இடமில்லை. குத்துச்சண்டைக்குப் பெண்பிள்ளை ஒருத்திகூட வரவில்லை, வந்தால் புது ஷூ உண்டு என்றார்கள். ஷூவுக்காகப் போனவள் மாநில அளவில் மெடல் வாங்கிக்கொண்டு வந்தாள். மெடல் வந்தது, வேலை வரவில்லை. அப்போதுதான் ஓசூரில் பயிற்சிக்கூடம் வைத்திருக்கும் மாதவராஜ் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு, மெடலுக்கு ஆடியது போதும், இனிமேல் தொழில்முறையாக ஆடு, ஜெயிக்க ஜெயிக்கப் பட்டியலில் மேலே போகலாம், ஒருநாள் இந்தியப் பட்டத்துக்கே ஆடலாம் என்றார். சனி, ஞாயிறு ஓசூருக்கு பஸ், மற்ற நாள் மண்டி என்று அவள் பிழைப்பு ஓடியது.

அவளுடைய அம்மா ஞானமேரி முதல் போட்டிக்கு வந்திருந்தார். மணி அடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டத் தொடங்கியவர், எல்லாம் முடிந்த பிறகு என் கையைப் பிடித்து, "யாரும்மா வுழுந்தது?" என்றார். அந்தப் பொண்ணுதான் என்றேன். "பாவம், எந்தூருப் புள்ளையோ" என்று அவளுக்காகவும் ஒரு மணி உருட்டினார். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை. வீட்டிலிருந்தே உருட்டிவிடுவார்.

ஆறு போட்டியில் ஆறும் ஜெயித்தாள். மூன்றாவது ஜெயித்ததும் குப்புராஜ் ஸ்பான்சர் ஆனார். ஸ்பான்சர் என்றால் கையுறை, பஸ் காசு, முட்டை. பதிலுக்கு அவள் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க "குப்புராஜ் தக்காளி மண்டி, பாலக்கோடு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார். முன்பக்கம் போடச் சொன்னதற்கு, "அவ குனிஞ்சு குனிஞ்சு ஆடறவ, கேமராவுல பின்னாடிதான் நல்லா தெரியும்" என்றார். வியாபாரி வியாபாரிதான்.

இந்த வருடம் தவக்காலத்தில்தான் அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. பெங்களூரில், எதிரே புனேக்காரி. ஜெயிப்பவளுக்கு அடுத்தது நேராகப் பட்டத்துக்கான ஆட்டம். தோற்றால் பட்டியலில் மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அவளுக்கோ இருபத்தாறு முடியப் போகிறது. இன்னும் மூன்று வருடம் கிரேட் தூக்கினால் இடுப்பு மிஞ்சுமா என்று அவளே என்னிடம் கேட்டிருக்கிறாள்.

குத்துவதைவிடப் பெரிய வேலை எடை. ஆட்டத்துக்கு முந்தின நாள் தராசில் நிற்கும்போது ஐம்பத்தேழு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆட்டமே இல்லை. ஓசூரில் மாஸ்டர் பார்த்தபோது அறுபது இருந்தாள். அவர் வேறொரு பையனோடு டெல்லிக்குப் போக வேண்டியிருந்ததால், "தெனமும் காலைல ஒரே தராசுல ஏறி, நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் ஏது தராசு? மண்டியில் இருக்கிறதே, எலக்ட்ரானிக், அரசாங்க முத்திரை ஒட்டியது. அதில் ஏறினாள்.

முதல் நாளே ஐம்பத்தெட்டு காட்டியது. ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ காணாமல் போயிருந்தது. தவக்காலத்தில் கறி விட்டதற்கு மாதா கொடுத்த பலன் என்றார் ஞானமேரி. தன் சாப்பாட்டு அட்டவணை வேலை செய்கிறது என்று டெல்லியிலிருந்து மெசேஜ் போட்டார் மாஸ்டர். நானும் சும்மா இருப்பேனா, என் வீட்டுக் கொள்ளு ரசத்துக்கு ஒரு பங்கு கேட்டேன். அந்த வாரக் கடைசியில் ஐம்பத்தேழுக்குக் கீழே வந்துவிட்டாள். அப்புறமென்ன, மத்தியானம் என் தூக்கில் இருந்த களியில் ஒரு உருண்டை, கூடக் கொஞ்சம் கீரைக் கடைசல் என்று கை நீள ஆரம்பித்தது. நம்பர் சரியாக இருக்கும்போது யார் என்ன சொல்வது?

ஒருவர் மட்டும் நெளிந்துகொண்டே இருந்தார். அவள் தராசில் கால் வைத்தால் குப்புராஜுக்கு இருமல் வந்துவிடும். "ஏம்மா, ஆஸ்பத்திரில போயி ஒருவாட்டி பாத்துட்டு வந்துரேன்" என்றார். இன்னொரு நாள், "வூட்டுலயே வெச்சுப் பாக்கற சின்னத் தராசு ஒண்ணு வாங்கித் தரேன், அது லேடீஸுக்குத் தோது" என்றார். சுற்றிலும் விவசாயிகள் கிரேட்டோடு நின்றிருந்தார்கள். "எதுக்குண்ணே வீண் செலவு? நம்ம தராசு சீல் போட்டதாச்சே" என்றாள் இவள். "ஆமாமா, சீல் போட்டதுதான்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். முட்டைக்கே கணக்குப் பார்க்கும் மனுஷனுக்குச் செலவு செய்ய இவ்வளவு ஆசையா என்று நான் ஆச்சரியப்பட்டேன். தராசு பக்கம் போகாதவள் எனக்கு என்ன தெரியும்?

பெங்களூருக்குக் குப்புராஜின் காரில் போனோம். அவர் ஓட்ட, பக்கத்தில் ஏஞ்சலின், பின்னால் நானும் அவளுடைய அப்பா சவரியண்ணனும். சவரியண்ணன் ஒன்றரை ஏக்கர் தக்காளிக்காரர், காய் கொண்டுவந்து போடுவதும் குப்புராஜ் மண்டியில்தான். அதிகம் பேச மாட்டார், அன்று அதுவும் பேசவில்லை. மாஸ்டர் நேராக அங்கே வந்திருந்தார்.

ஓட்டல் ஹாலில் மேடை போட்டு, மேடையில் தராசு. புனேக்காரி ஏறினாள், ஐம்பத்தேழு, கைதட்டினார்கள். இவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். ஐம்பத்தொன்பது.

மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. இவள் இறங்கி மறுபடி ஏறினாள். அதே ஐம்பத்தொன்பது. இரண்டு மணி நேரம் தருகிறோம், அதற்குள் குறைத்துக் காட்டுங்கள், இல்லையென்றால் ஆட்டம் ரத்து என்றார்கள். குப்புராஜ் பாய்ந்து மேடையேறினார். "உங்க தராசு தப்புங்க சார், இது கர்நாடகாத் தராசு, நம்பறதுக்கில்ல. என்னை வெச்சுப் பாருங்க, நேத்துதான் சுகர் டாக்டர்கிட்ட எண்பத்தாறு" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி நின்றார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். தராசு எண்பத்தாறு என்றது. அது சரியென்றால், குறைத்துக் காட்டுவது எங்கள் மண்டித் தராசுதான்.

மனுஷன் சாட்சியாகத் தன்னையே கூட்டி வந்து தன்னையே மாட்டிவிட்டார். ஏஞ்சலின் அந்த எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். "இப்ப வேணாங்க்கா, வேலை கெடக்குது" என்றாள்.

அறையில் குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கயிறு தாண்ட ஆரம்பித்தாள். "அண்ணே, குழாயைப் புடிச்சுக்கிட்டு நீங்க உள்ளயே நில்லுங்க, சூடு குறையாம பாத்துக்கணும்" என்றாள். மூன்று பேரும் ஆவியில் வெந்தோம். குப்புராஜின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டி, பேனா மை பாக்கெட்டிலிருந்து வயிறு வரை வழிந்தது. எச்சிலும் எடைதான் என்று, அது வற்றும்வரை அவள் ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுத் துப்பிக்கொண்டே தாண்டினாள். கடைசியில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, அந்தக் கையில் கிரேட் தூக்கும் வலுவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்மலைக் கழற்றி, ஜடையைப் பிரித்து, தலையைத் துவட்டி, துண்டை மறைப்பாகப் பிடித்துக் கூட்டிப் போய் நிறுத்தினேன். சரியாக ஐம்பத்தேழு.

மறுநாள் சாயங்காலம் ஆட்டம். எட்டு சுற்று. முதல் நாலும் இவள்தான், புனேக்காரி சுற்றிச் சுற்றி இவளைத் தேடினாள். ஐந்தாவதிலிருந்து இவள் கால் கனத்துவிட்டது. ஓரத்தில் வந்து உட்கார்ந்தவளுக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். "காலு ரெண்டும் மண்டியிலயே கெடக்குதுக்கா" என்றாள். அந்த நிலைமையிலும் குசும்பு. ஏழாவதில் வலது தாடையில் ஒன்று வாங்கி விழுந்தாள். நடுவர் எண்ண ஆரம்பித்தார். சவரியண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். எட்டு எண்ணும்போது எழுந்தாள். கடைசிச் சுற்றை எதை வைத்து ஆடினாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் இவளுக்குக் கொடுத்தார்கள்.

"ஒழுங்கா எடை எறங்கியிருந்தீன்னா நாலாவதுலயே முடிச்சிருப்ப. செத்துப் பொழைச்சிருக்க" என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலையில் திரும்பினோம். அவளுக்கு ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. குப்புராஜ் கார் ஓட்டிக்கொண்டே, பஸ் ஸ்டாண்டில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸ் பற்றிப் பேசினார், மேளத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றார், பட்டத்து ஆட்டத்துக்குப் புதுக் கால்சட்டை என்றார். ராயக்கோட்டை தாண்டும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, என் எடைக்கு ரெண்டு கிரேட் வெச்சா நம்ம தராசு எவ்வளவு திங்குது?"

"அது வந்தும்மா... மெஷின்தானே, மழைல கொஞ்சம்..."

"ரெண்டு கிலோ" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். சவரியண்ணன்.

அவள் சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள். "உனக்கு எப்பருந்துப்பா தெரியும்?"

"எல்லாத்துக்கும் தெரியும் கண்ணு. அந்தத் தராசு வந்த நாள்லருந்து தெரியும். வேற மண்டிக்குப் போனாலும் இப்படித்தான்னு இருந்துட்டோம்."

"நான் தெனமும் ஏறி நிக்கறதைப் பாத்தியே. எதுக்குச் சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சொல்லியிருக்கணும். மாஸ்டர் வேற தராசுல பாத்துக்குவாருன்னு நெனச்சேன். சொன்னா, தெரிஞ்சே தெனமும் ரெண்டு கிலோவை வுட்டுக் குடுத்துட்டு வர்றவன் உங்கப்பன்னு உனக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு இருந்துச்சு. நீ அடிக்கு அடி திருப்பிக் குடுக்கறவ."

அவள் மூடாத கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டாள். குப்புராஜ் அதற்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பற்றிப் பேசவில்லை.

மண்டி வாசலில் மேளம், பட்டாசு, ஆளுயர ரோஜா மாலை. விவசாயிகள் கிரேட்டுகளை அப்படியே போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். குப்புராஜ் மைக்கைப் பிடிக்கப் போகும் நேரத்தில் ஏஞ்சலின் மாலையோடு நேராக நடந்து தராசில் ஏறி நின்றாள். மேளம் தானாக நின்றது. நேற்று ராத்திரி அவள் தவக்காலம் என்றும் பார்க்காமல் பிரியாணி சாப்பிட்டிருந்தாள், காலையில் இட்லி, கழுத்தில் அந்த மாலை வேறு. தராசு ஐம்பத்தேழு என்றது. பெங்களூரில் நடந்தது போனிலேயே ஊருக்கு வந்துவிட்டதால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஆளுக்கொரு அறை விட்டிருப்பேன்.

"எறங்கு தாயி, போட்டோ எடுக்கணும்" என்றார் குப்புராஜ், குழைந்துகொண்டு. அவள் இறங்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவரியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கைத்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க மண்டிக்காரரே, இன்னிக்கு இருந்து தராசைச் சரி பண்ணிட்டு எடை போடுங்க. எனக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும். இல்லைன்னா ஒரு கிரேட்டும் எறங்காது."

குரல் அவருக்கு நடுவிலேயே உடைந்துவிட்டது. இருந்தாலும் கடைசிவரை சொல்லி முடித்தார்.