எழும்பாத படகு

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து மறு வருடம், சித்திரை பிறக்கக் கொஞ்ச நாட்களே இருந்த நேரத்தில் இது நடந்தது. இடம், யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் ஒரு மீனவ ஊர். ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் வேண்டாம். அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள்.

நான் படகு இஞ்சின் திருத்துபவன். தொண்ணூறில் முஸ்லிம்களான எங்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது வாப்பாவின் தோளில் இருந்து போனவன். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே தொழில் பழகி, யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்தேன். சோனகத் தெருவில் வீடு. அந்த மீனவ ஊரின் கரைப் பக்கமாக ஒரு தகரக் கொட்டகை, அதுதான் என் கடை. வந்த புதிதில் இஞ்சினை நம்பித் தர ஆளில்லை. "உங்கடை பேச்சு புத்தளத்துப் பேச்சாக் கிடக்கு" என்று சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மெல்ல மெல்லத்தான் தொழில் பிடித்தது.

அப்படியிருக்க, அந்த ஊர் விளையாட்டுக் கழகம் தங்கள் ஓட்டப் படகின் இஞ்சினை என்னிடம் கொண்டுவந்தது. புதுவருடத்துக்கு அங்கே விசைப்படகுப் போட்டி நடக்கும். பெற்றோல் இல்லாததால் நின்றுபோன போட்டி திரும்ப நடக்கப் போகிறது என்று கரையோர ஊர்கள் எல்லாம் அதே பேச்சாக இருந்தன. அது மீன்பிடிப் படகு அல்ல. ஓடுவதற்கென்றே ஒடுக்கமாக, பாரம் குறைவாக வார்த்த ஃபைபர் படகு. அடித்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையில் நுரைப்பஞ்சு அடைத்து மூடியிருப்பார்கள். முடுக்கினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலால் வழுக்கிப் போகும். அந்தப் படகின் இஞ்சின் என் கைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான்.

கழற்றிச் சுத்தம் செய்தேன். தேய்ந்ததை மாற்றினேன். கொண்டுபோய்ப் பூட்டி, கடலில் விட்டுப் பார்த்தோம். இஞ்சின் சத்தம் நல்ல சுத்தம். ஆனால் படகு ஓடவில்லை. ஓடியது, பழைய ஓட்டம் இல்லை. படகு ஓட்டும் தம்பி தன் போனில் வேகம் பார்ப்பவன். முந்தி ஓடியதில் கால்வாசியைக் காணோம்.

"நானா, இஞ்சினிலை பிழையில்லை. போட்தான் எழும்புதில்லை" என்றான் அவன். நானா என்றால் எங்கள் ஆட்களில் அண்ணன்; ஊரில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இஞ்சின்காரன் காதில் விழுந்தது இஞ்சின் என்ற சொல் மட்டும்தான். கொட்டகைக்குக் கொண்டுவந்து திரும்பவும் தொடங்கினேன். பிளக்கை மாற்றினேன். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். அமுக்கம் பார்த்தேன், சரியாக இருந்தது. பெற்றோலில் கலப்படமோ என்று வேறு பெற்றோல் வாங்கி ஊற்றினேன். எண்ணெய்க் குழாயில் காற்றுப் போகிறதோ என்று குழாயையே மாற்றினேன். புரொப்பெல்லரின் இதழ் வளைந்திருக்கிறதோ என்று சமதரையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. ஆனால் முழு வேகத்தில் இஞ்சினின் சுற்று மட்டும் கொஞ்சம் குறைவாக நின்றது. ஏன் குறைகிறது? விளங்கவில்லை.

ஒரு மீன்பிடிப் படகில் அந்த இஞ்சினைப் பூட்டி ஓட்டினேன். நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் மீன்பிடிப் படகு எப்போது பறந்தது, அதை வைத்து எதைச் சொல்ல? ஓட்டப் படகின் அடிப்பக்கத்தையும் பார்த்தேன். பாசி இல்லை, சிப்பி இல்லை. நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து எங்கேயாவது குழிந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இஞ்சினும் சரி, படகும் சரி, இரண்டும் சேர்ந்தால் பிழை. தொழிலுக்கு வந்து இத்தனை காலத்தில் இப்படி ஒரு குழப்பத்தில் நான் நின்றதில்லை.

அது நோன்பு காலம் வேறு. வெயிலில் தொண்டை வறண்டு, தலைக்குள் இதே கேள்வி சுற்றிக்கொண்டிருக்கும். தொழுகையில் நிற்கும்போதும் காபரேற்றர்தான் கண்ணுக்குள் வந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஒரு நாள் கழகத் தலைவர் கொட்டகைக்கு வந்தார். வயதில் என்னைவிட மூத்தவர், மரியாதையான மனிதர். கோபமாகக் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நானா, குறை நினைக்காதேங்கோ. உங்கடை கை பட்ட பிறகுதான் இது இப்பிடி. உள்ளுக்கை ஏதும் சாமான் மாத்தினனீங்களே?"

"மாத்தினதெல்லாம் உங்களுக்குக் காட்டினனான்தானே அண்ணை."

"ஓம், காட்டினனீங்கள். ஆனால் ஊரிலை கதைக்கினம். அதைத்தான் சொல்லுறன்."

ஊரில் என்ன கதைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு போலியைப் போட்டுவிட்டான் என்று. நோன்பு திறந்த பிறகு மனைவியிடம் சொன்னேன். "இஞ்சினத் திருப்பிக் குடுத்துடுங்களேன். வேற யாரும் பாக்கட்டும்" என்றாள். திருப்பிக் கொடுத்தால் அந்தக் கதை உண்மையாகிவிடும். பிறகு இந்தக் கரையில் யார் எனக்கு இஞ்சின் தருவார்கள்? அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் பின்நேரம் கடைசித் தடவையாகப் படகை இறக்கினோம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இஞ்சினைப் பின்பலகையில் கொஞ்சம் உயர்த்திப் பூட்டி, பற்றவைக்கும் நேரத்தையும் சற்று முன்னுக்குத் தள்ளி, இழுவையைக் கூட்டினேன். அந்தத் தம்பி முழு வேகத்தில் இரண்டு மூன்று தரம் போய்வந்தான். ஏதோ கொஞ்சம் கூடியது. "நாளைக்கு இன்னும் முறுக்குவம்" என்றார் தலைவர். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

படகை வழக்கமாகக் கரையேற்றுவது வண்டிலில் வைத்து, லான்ட்மாஸ்டர் உழவு மெசினால் இழுத்துத்தான். அன்று அதன் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. "தூக்குவம் வாங்கோ" என்று கழகப் பொடியள் எல்லாரும் பிடித்தார்கள். படகு அசையவில்லை. பக்கத்து ஊர்க் கழகமும் அங்கேயே தங்கள் படகை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள்தான் எங்களுக்கு எதிரிகள். கடைசியாக நடந்த போட்டியில் எங்கள் படகிடம் மயிரிழையில் தோற்றவர்கள். அவர்களுடைய படகை ஓட்டுபவர், நாற்பது வயது மதிக்கத்தக்கவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் படகின் பின்பக்கத்தைப் பிடித்தார்.

ஒரு முறை தூக்கிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உதென்ன இந்தப் பாரம் பாரிக்குது? உள்ளுக்கை ஏதும் ஏத்தி வைச்சிருக்கிறியளே?"

"ஒண்டும் இல்லை, வெறும் போட்தான்" என்றான் எங்கள் தம்பி.

"இல்லையடாப்பா. எங்கடையும் இதே அச்சிலை வார்த்ததுதானே. நாங்கள் ஆறு பேர் சிரிச்சுக்கொண்டு தூக்குவம். இது வேறை பாரம்."

 இவர் ஏன் இதைச் சொல்கிறார்? நாளைக்கு எங்களோடு ஓடப் போகிறவர். எங்களைக் குழப்பப் பார்க்கிறாரா? தலைவரின் முகத்திலும் அதே சந்தேகம் தெரிந்தது. ஆனால் பாரம் என்ற சொல் என்னை விடவில்லை. இஞ்சினில் பிழை இல்லை, படகு எழும்பவில்லை, சுற்றுக் குறைகிறது. பாரம் ஏற்றிய படகு அப்படித்தானே ஓடும்?

"அண்ணை, மேல்தட்டிலை ஒரு ஓட்டை போட விடுவியளோ?" என்று தலைவரைக் கேட்டேன்.

"நாளைக்குப் போட்டி, நானா!"

"பிழைச்சால் நான் பொறுப்பு."

 எங்கள் தம்பிதான் "போடுங்கோ நானா" என்றான். பற்றறி ட்றில்லை எடுத்து, பின்பக்கத் தட்டில், தாழ்வான இடத்தில் துளைத்தேன். ஊசியை வெளியே இழுக்க ஈரமான பஞ்சு சுற்றிக்கொண்டு வந்தது. முன்பக்கத்தை எல்லாருமாகத் தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீர் ஊற்றத் தொடங்கியது. கறுத்த, நாறிய தண்ணீர். நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்க்கிறோம், வந்துகொண்டே இருக்கிறது. மூடிய தட்டுக்குள் அத்தனையும் ஊறிக் கிடந்திருக்கிறது. அதைச் சுமந்துகொண்டுதான் அந்தப் படகு பறக்கப் பார்த்திருக்கிறது.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். என் மேல் பிழை இல்லையே. ஆனால் உள்ளே எப்படித் தண்ணீர் போனது? இஞ்சினைக் கழற்றிவிட்டு, அது பூட்டியிருந்த பின்பலகையைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் செத்துக் கிடந்தது. ஆணித் துளைக்குப் பக்கத்தில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. அதன் வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். ஃபைபருக்குள் இருந்த மரம், தேத்தண்ணியில் ஊறின விசுக்கோத்து மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது.

அந்தப் பலகையில்தான் முழு இஞ்சினும் தொங்குகிறது. அதற்கு முன்னால்தான் அந்தத் தம்பி குந்தியிருந்து ஓட்டுகிறான். நாளைக்கு இன்னும் முறுக்கியிருந்தால் நடுக்கடலில் பலகையோடு இஞ்சின் பிய்ந்து போயிருக்கும். சுழலும் புரொப்பெல்லர் எந்தப் பக்கம் பாய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவன் அந்த மரத்தூளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மணலில் அப்படியே குந்திவிட்டான்.

"உதோடை ஓடாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த எதிர்க் கழகத்துக்காரர் தன் படகைப் பார்க்கப் போய்விட்டார்.

பொழுது இறங்கியிருந்தது. தலைவர் வானத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார். "உங்கடை நேரம் வந்திட்டுதெல்லோ நானா" என்று தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மன்னிப்பு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் எங்கள் படகு கரையில் கவிழ்ந்து கிடக்க, மற்றவை ஓடின. அந்த மனிதர் வெல்லவில்லை. தூரத்து ஊர்ப் படகு ஒன்று முந்திவிட, இரண்டாவதாக வந்தார். கரையேறியதும் போய்க் கையைப் பிடித்தேன். முதல் நாளிரவு முழுக்க என்னைக் குடைந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"ஏன் சொன்னனீங்கள்? சொல்லாமல் விட்டிருக்கலாமே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பாரமாய்க் கிடந்தது, பாரமெண்டு சொன்னன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "உங்கடை போட் நல்லாய் ஓடியிருந்தால் நான் மூண்டாவதாய் வந்திருப்பன்" என்றார்.

பிறகு நுரைப்பஞ்சைப் பிடுங்கி, படகை நன்றாகக் காயவைத்து, புதிய பின்பலகை வைத்து ஓட்டினோம். அதே இஞ்சின், அதே புரொப்பெல்லர். பழைய வேகம் திரும்பி வந்தது. ஆனால் அந்த வெடிப்பு எப்போது வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெற்றோல் இல்லாமல் மழையில் கிடந்த காலத்திலா, அதற்கு முந்தியா, அல்லது நான் இஞ்சினைக் கழற்றிப் பூட்டியபோது பெருத்ததா? சில நாட்களில் அந்தக் கடைசிக் கேள்வி வந்து என்னை எழுப்பும்.

கையில் பட்டதை மறைக்காமல் அப்படியே சொல்லிவிட்ட அந்த மனிதருக்கு அதன் பெறுமதி தெரியுமோ தெரியாது, எனக்கோ இந்தக் கரையில் ஒரு உயிரும் என் பிழைப்பும் அந்த ஒரு சொல்லில்தான் தங்கி நின்றன என்று ஒவ்வொரு முறை ஓர் இஞ்சினைக் கையில் எடுக்கும்போதும் தோன்றுகிறது.