மாமியாரின் பல்செட்டும் வாளிக்காரரும்

தெருவில் எல்லாரும் அவரை வாளிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு இரண்டே வகைதான்: சூடு காட்டினால் இளகுவது, இளகாதது. வாளி இளகும், குக்கர் கைப்பிடி கருகும். யாராவது வாய் தவறி ஏன் என்று கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"பிளாஸ்டிக்னா என்ன? துளித்துளி அணுக்கூட்டம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நீளச் சங்கிலியா நிக்குது. வாளியில சங்கிலிங்க சும்மா ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு. சூடு பட்டா வழுக்கி நகரும். கைப்பிடியில சங்கிலிக்குச் சங்கிலி குறுக்கே முடிச்சு. எங்கேர்ந்து நகர்றது? கருகத்தான் செய்யும்!"

கேட்டவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார்.

இப்பேர்ப்பட்ட மேதைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஏக்கம். மாமியார் அவரை ஒருநாளும் 'மாப்பிள்ளை' என்று அழைத்ததில்லை. மூத்த மகளின் கணவர் மாப்பிள்ளை. இவர் வெறும் வாளி. இவர் வீட்டுக்கே வந்து தங்கிய பிறகும், "அந்த வாளி வந்தாச்சா?" என்றுதான் மகளிடம் விசாரிப்பார். இதை நினைத்து மனிதர் கண் கலங்கியதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப் பல்செட் ஈறை அழுத்துகிறது என்று மாமியார் புலம்பினார். நல்ல பெயர் வாங்க வாய்ப்பு வந்த சந்தோஷத்தில் வாளிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"குடுங்க அத்தை, நொடியில சரி பண்ணிடறேன்!"

ஊசியைச் சுட்டு ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். லேசாக இளகியது. நம்ம ஆள்தான்! கொதிநீரில் போட்டு, இடுக்கியால் எடுத்து, கொஞ்சமாக விரித்தார். அதோடு விட்டிருக்கலாம். தொழில்புத்தி விடவில்லை. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சங்கிலிகள் நெருங்கிப் படுக்கும், வாளி சுருங்கும். அதற்காகவே அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுவார்கள். அதே கணக்கில் பல்செட்டையும் தாராளமாக விரித்துவிட்டார். அது உருகவில்லை, வெறுமே இளகத்தான் செய்தது என்பது மண்டையில் ஏறவே இல்லை. பல்செட் ஆறியது. சுருங்கவில்லை.

மாமியார் மாட்டிக்கொண்டார். உதடும் உதடும் சேரவில்லை. மருமகனைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவர், காதுவரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். திட்டலாம் என்றால் "ஆ... ஆ..." என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன பெரியம்மா, இன்னைக்கு ஒரே சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மனைவி அவர் காதில் கிசுகிசுத்தாள். "டாக்டர் அளவு தப்பா எடுத்துட்டார்னு சொல்லிடுங்க."

சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல அத்தை, நான்தான். ஆறினா சுருங்கும்னு கொஞ்சம் அதிகமா விரிச்சுட்டேன். வாளி நினைப்புல..."

மாமியார் பல்செட்டைக் கழற்றினார். அதை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று வாளிக்காரர் பதறிப்போனார். மாமியாரோ பொக்கைவாயைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மாப்பிள்ளே," என்றார் மூச்சு வாங்கியபடி. "நாளைக்கு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆனா வாசல்லயே உக்காந்துக்குங்க. உள்ள மட்டும் வந்துடாதீங்க."

வாளிக்காரரின் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். மறுநாள் டாக்டர் அறைக்குள்ளும் போய், பல்லெல்லாம் தெரிய நின்றார்.