இல்லாத இளவரசியின் பெயர்

என் மகளுக்கு நான் ஒரு பாண்டிய இளவரசியின் பெயரை வைத்தேன். அப்படி ஒரு இளவரசி இருந்ததே இல்லை என்பது எனக்குத் தெரியப் பதினான்கு வருடம் ஆயிற்று. தவறான தகவலின் பேரில் பிள்ளைக்குப் பெயர் சூட்டிய முதல் தகப்பன் நானாக இருக்க முடியாது. ஆனால் அந்தத் தகவலைப் பரப்புவதில் என்னளவு உழைத்தவன் வேறு யாரும் இருக்க மாட்டான்.

கொல்கத்தாவில் எல்லாருக்கும் வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வெளியே எழுத ஒரு ‘நல்ல பெயர்’. நல்ல பெயர் புதிதாக இருந்தால் அர்த்தம் விசாரிக்காமல் விட மாட்டார்கள். மாற்றலாகி டாலிகஞ்சுக்கு வந்த நாளிலிருந்து, நாங்கள் ‘மாஷிமா’, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர் ஃப்ளாட் அம்மாள் தொடங்கி மீன் கடைக்காரர் வரை, விசாரித்த எல்லாரையும் நிற்க வைத்துக் கதை சொன்னேன். முற்றுகையிடப்பட்ட கோட்டை, கைவிட்ட தளபதி, கதவைத் திறக்க மறுத்து நின்ற இளவரசி. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக் காலைக் கூட்டத்தில் மகளும் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.

நான் அதைப் படித்தது, வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து யாரோ பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதையில். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இளவரசியின் படம் இருந்தது. படம் போட்டிருந்ததால் நம்பினேன் என்றால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். கதையில் உண்மையான அரசன் இருந்தான், உண்மையான போர் இருந்தது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். ஒரு சரித்திர நாவலை எடுத்து, எது நடந்தது, எது எழுத்தாளர் சேர்த்தது என்று பிரிக்க வேண்டும். கண்காட்சியன்று பெற்றோர் முன்னால் விளக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் வங்காள நாவல்களுக்குப் போக, இவள் “என் நாவல்” என்று நம்முடையதை எடுத்தாள். பெருமை தாங்காமல் அச்சுப் புத்தகத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது அதுதான்.

அவளுக்குத் தமிழ் பேச்சு சரளம், வாசிப்பு எழுத்துக் கூட்டித்தான். எனவே நான் வாசிப்பது, அவள் குறிப்பெடுப்பது என்று ஏற்பாடு. முதல் நாள் முதல் அத்தியாயத்தைப் பிரித்தேன்.

“அதுக்கு முன்னாடி ஏதோ இருக்கே,” என்றாள்.

“முன்னுரை. அதெல்லாம் யாரும் படிக்கறதில்ல.”

“அதையும் படிங்கப்பா.”

படித்தேன். அரசனும் போரும் சரித்திரம், கோட்டையும் இளவரசியும் என் கற்பனை என்று ஆசிரியர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். கிழித்துக் கட்டிய பைண்டில் முன்னுரை ஏது? சத்தமாக ஆரம்பித்துவிட்டதால் பாதியில் விழுங்கவும் வழியில்லை.

அவள் நோட்டில் ‘கற்பனை’ என்று எழுதி அடிக்கோடிட்டாள். பிறகு, “அசெம்ப்ளில வேற சொல்லிட்டேனே,” என்றாள்.

அந்த இடத்தில் ஒரு தகப்பன் ஆறுதல் சொல்லியிருப்பான். நான் வக்கீலானேன். அடக்கத்தில் அப்படி எழுதியிருப்பார் என்றேன். இணையத்தில் கல்வெட்டுத் தொகுதிகளைத் துழாவி, பெயரில் பாதி பொருந்துகிற ஒருத்தியைப் பிடித்தும் வந்தேன்.

“அப்பா, இவ ஒரு வியாபாரியோட மனைவி. கோயில் விளக்குக்கு நெய் ஊத்த ஆடு குடுத்திருக்கா. அவ்வளவுதான் போட்டிருக்கு.”

“அதுக்கு முன்னாடி இளவரசியா இருந்திருக்கலாம் இல்ல?”

“ரிடையர் ஆயிட்டாளா?”

வேறு நாவல் எடுத்துக்கொள்ளேன் என்றேன். கண்காட்சிக்கு மாஷிமாவும் வருவதாக இருந்தார். எனக்கு என் கவலை. மகள் கேட்கவில்லை. “அன்னைக்கு மேடையில சொன்னது நான். வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்.”

அதன்பின் வாசிப்பு எனக்குத் தினசரி விசாரணையாகிவிட்டது. இளவரசி மதில்மேல் தனியாக நின்று தந்தையை நினைத்து அழும் இடம் வந்தது. வழக்கம்போல வாசிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்தேன். “தனியாத்தானே நின்னா? அழுதது யாருக்குத் தெரியும்?” என்றாள் மகள். காலேஜ் நாளிலிருந்து இளவரசியோடு சேர்ந்து அழுதுகொண்டிருக்கிற எனக்கு அந்தச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. அடுத்து விருந்துக் காட்சி. குழம்பில் மிளகாய் இருந்தது. மிளகாய் போர்த்துக்கீசியரோடு அல்லவா வந்தது என்று பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். அந்தக் குழம்பை நான் சப்புக்கொட்டிக்கொண்டு எத்தனை தரம் படித்திருக்கிறேன்!

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “பேர் தெரியாமப் போன பொண்ணுங்க எத்தனை பேர்? அப்படி ஒருத்தி இருந்திருக்க மாட்டாளா?”

“இருந்திருக்கலாம்ப்பா. அதுக்குத் தனியா ஒரு பகுதி வெச்சிருக்கேன். ஆனா இந்தப் பேர்ல, இந்தக் கோட்டையில, இந்த வசனமெல்லாம் பேசிக்கிட்டு ஒருத்தி இருந்தான்னு சொல்ல முடியாது.”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தோற்றவனுக்கு வரவேண்டிய வருத்தம் வரவில்லை. சமையலறையில் மனைவி, “என்ன, தனியாச் சிரிக்கறீங்க?” என்றாள்.

கண்காட்சி பாலிகஞ்சில், பள்ளியின் பெரிய கூடத்தில். மகள் ஆங்கிலமும் வங்காளமும் கலந்து பேசினாள். “ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு ஒரு வரலாறு சொன்னேன். அது வரலாறு இல்லை” என்றுதான் ஆரம்பமே. குரல் முதல் வாக்கியத்தில் கொஞ்சம் ஆடியது, பிறகு ஆடவில்லை. அரசன், போர், மிளகாய் எல்லாம் வந்தன. கடைசியில் அந்த வியாபாரியின் மனைவியையும் கொண்டுவந்து நிறுத்தினாள். “இளவரசிக்கு அறுநூறு பக்கம். இவளுக்கு ஒரு வரி. ஆனால் ஆடு கொடுத்தவள் இவள்தான்.”

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “அப்படியானால் உன் பெயர் யாருடையதும் இல்லை. வருத்தமாக இல்லையா?” என்று கேட்டார். எனக்கு அவரை அங்கேயே பிடிக்காமல் போயிற்று.

மகள் யோசித்தாள். “இளவரசி கற்பனை. எங்க அப்பா அவளை நம்பி எனக்குப் பெயர் வைத்தது நடந்தது. அதை நான் உண்மைப் பக்கத்தில்தான் போடுவேன்.”

கூடம் சிரித்தது, தட்டியது. ஆசிரியை தலையை ஆட்டிக்கொண்டே தட்டினார். எனக்குத் தட்டக் கை வரவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் குடும்பத்தில் சரித்திரத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான், அதுவும் முட்டாளாக. இருந்தும் என் நெஞ்சு விரிந்த விரிவுக்குச் சட்டைப் பொத்தான்கள் தாங்கியது ஆச்சரியம்.

வெளியே டாக்சிக்கு நிற்கும்போது மாஷிமாவின் பக்கம் போய், இத்தனை வருடமாக உங்களுக்கும் கதைவிட்டிருக்கிறேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும் பாபா,” என்றார். “உன் தளபதி ஒரு துர்கா பூஜைக்கு நீ சொன்னப்ப ஓடிப்போனான், அடுத்த பூஜைக்குச் சொன்னப்ப செத்துப்போனான்.”