ராஜா தாவிய ஆட்டம்

அரூரில் எங்கள் செஸ் கிளப்புக்கு இப்போது சொந்தக் கட்டடம், ஏசி எல்லாம் வந்துவிட்டன. ஆண்டு மலருக்கு ஆரம்பகாலக் கதையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

கிளப்பை ஆரம்பித்தவர் என் பெரியப்பா, தாலுகா ஆபீஸ் கிளார்க். இடம், ஒரு புளி மண்டியின் மாடி அறை. உள்ளே நுழைந்தாலே நாக்கில் எச்சில் ஊறும். அங்கே பெரியப்பாவோடு சேர்த்து நான்கு பேர் ஊர் ஆட்டம் ஆடினார்கள். அதில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப்போலத் தாவித் தப்பிக்கலாம். அப்படியொரு சட்டமே கிடையாது என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னவள் நான். பத்து வயது, அடக்கம் மருந்துக்கும் இல்லை. பெரியப்பா கோபிக்காமல் என்னையே ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

புளி வரத்து தொடங்கியதும் மண்டிக்காரர் மூட்டை அடுக்க மாடியைக் கேட்டார். தருமபுரி ஆட்களோடு மேட்ச் இருக்கிறது என்றார் பெரியப்பா. "கெலிச்சுக் காட்டுங்க, ரூமை நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார் அவர்.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஐந்து பேர் வந்தார்கள். புத்தகச் சட்டப்படிதான் ஆட்டம் என்று பேச்சு. அவர்களில் அதியமான்கோட்டைப் பெரியவர் ஒருவர், "எங்க வூட்லயும் ராஜா தாவுற ஆட்டந்தானுங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். மூட்டை விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார்.

நான் ஜெயித்தேன். இரண்டுக்கு இரண்டு. பெரியவரும் பெரியப்பாவும் ஆடிய ஆட்டம்தான் பாக்கி. எல்லோரும் அவர்களைச் சுற்றி நின்றோம்.

பெரியப்பாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. வெகுநேரம் யோசித்தவர், பழக்கதோஷத்தில், அதைக் குதிரையைப்போலத் தாவ வைத்துவிட்டார். பெரியவர் பலகையைப் பார்த்தார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் சிப்பாயை நகர்த்தக் கை நீட்டினார்.

"ராஜா அப்படிப் போகக்கூடாது பெரியப்பா" என்றேன் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

பெரியப்பாவின் காது சிவந்தது. "பாப்பா சொல்றது செரிதானுங்க" என்று ராஜாவைப் பழைய இடத்தில் வைத்தார். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும், அதற்குப் போக இருந்ததோ ஒரே கட்டம். சற்று நேரத்தில் தோற்றார். அந்த வாரமே மாடியில் மூட்டை ஏறியது. கிளப் மறுபடி கூட இரண்டு வருடமானது. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று வெட்கமெல்லாம் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "அந்தத் தாத்தாவுக்குக் கண்ணே தெரியல பெரியப்பா, நாந்தான் பாத்துச் சொன்னேன்" என்று வழிநெடுகப் பெருமையடித்துக்கொண்டே வந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பெரியவர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சிப்பாய்க்குக் கை நீட்டினார் என்பது புரிய எனக்கு அந்த வயது போதவில்லை.