காலியாகத் திரும்பிய அறுபத்தேழு பைகள்

மருதேவி சாமான் வாங்கச் செஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்தால், மளிகைக்கடைக் கோதண்டராமனுக்குத் தூரத்திலேயே சிரிப்பு வந்துவிடும். "சீர்வரிசை வருது, வழிவிடுங்க!" என்பார். எண்ணெய்க்குத் தூக்கு, புளிக்குச் சட்டி, பருப்புக்கு ஒரு துணிப்பை, மிளகாய்க்கு ஒன்று என எல்லாம் அவள் இடுப்புக் கூடையில் வரும். போன வாரம் வெல்லம் கட்டிக் கொடுத்த சணல்கூடச் சுருட்டியபடி திரும்பி வரும்.

"இந்த ஒரு முழத்தை வெச்சுகினு நான் இன்னாக்கா பண்றது?"

"அடுத்தவங்களுக்குக் கட்டு. உன் கடையிலேருந்து வந்தது உன் கடைக்குத்தான் போவணும்."

இந்தப் பழக்கம் கிணற்றடியில் தொடங்கியது. அவளைப் போன்ற ஜைனர் வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். துணியில் தங்கும் சின்ன உயிர்களைக் கண்ட இடத்தில் உதற மாட்டார்கள். எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே விடுவார்கள். மருதேவி அதைக் கடைச் சாமானுக்கும் நீட்டிக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் அவள் மகள் சந்தனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா தர்மநாதன் திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தாம்பூலம் போட்டுக் கொடுக்க அவர் பட்டணத்திலிருந்து பிளாஸ்டிக் பைகள் வாங்கி வந்தார். உள்ளே இருக்கும் தேங்காயும் வெற்றிலையும் கண்ணாடிக்குள் இருப்பது போல வெளியே தெரிந்தன. ஊரே தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பெண்ணைக் கொடுத்தவள் என்பதால் மருதேவி வாய் திறக்கவில்லை.

மறுநாள் பார்த்தால் தேங்காய் வீட்டுக்குப் போயிருந்தது, பை தெருவில் கிடந்தது. ஒன்று வேலிமுள்ளில் மாட்டிப் படபடத்தது. இன்னொன்றை ஆடு மென்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் மருதேவிக்கு மூச்சு வாங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் அறுபத்தேழு பைகள் பொறுக்கினாள். துவைத்துக் கொடியில் காயப்போட்டு, மடித்துக் கட்டி, சம்பந்தி வீட்டுக்குப் போகும் முறுக்கு டின்னுக்குள் மேலாக வைத்து அனுப்பினாள். வந்த இடத்துக்குத்தானே போக வேண்டும்!

டின்னைத் திண்டிவனத்தில் கொடுத்துவிட்டு வந்த கணவர் குணபாலனிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தெருக்குப்பையைப் பொறுக்கி சம்பந்திக்கே அனுப்பிக்கிறியே! அங்க நம்ம பொண்ணு இருக்குதுன்னு நெனச்சியா? அதை இன்னா பேசுவாங்களோ!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோதண்டராமன் வேறு, சம்பந்தி வேறு.

வாரம் ஒரு கார்டு போடுகிறேன் என்று சொல்லிப் போன சந்தனாவிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரர் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மருதேவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் தர்மநாதனே பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் முறுக்கு டின். அக்குளில் அந்தப் பைக்கட்டு.

பொழுது கோட்டை மலைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் ஜைனர்கள் சாப்பிட மாட்டார்கள். மருதேவி அவசரமாக உலை வைத்து, குழம்பு கொதித்ததும் இலை போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பொழுது இறங்குது சம்பந்தி, கைகால் கழுவிகினு வாங்க."

"இருக்கட்டும். ஒரு ஞாயம் கேட்டுட்டுச் சாப்டறேன். அடுத்த வூட்டுப் பாத்திரத்தைக் காலியாத் திருப்பித் தர்ற வழக்கம் நம்மள்ல உண்டா?"

"இல்லீங்க."

"டின்னைத் தொறங்க."

டின் நிறையப் பொரிவிளங்காய் உருண்டை.

"பாத்தீங்களா? நான் முறையாக் கொண்டாந்துகிறேன். நீங்க அனுப்பினது அறுபத்தேழு பை. ஒவ்வொண்ணா ஊதிப் பாத்தேன். ஒரு கல்கண்டு இல்லியே சம்பந்தியம்மா!"

குணபாலன்தான் முதலில் சிரித்தார். மருதேவிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"எங்க சந்தனா எப்பிடி இருக்குது?"

"உங்க பொண்ணா? ஜவுளி மூட்டையில வர்ற சணலையெல்லாம் அவுத்து உருண்டை புடிக்கிது. கார்டு எழுத அதுக்கு ஏது நேரம்? இந்தப் பையையும் பட்டணத்துக் கடைக்காரங்கிட்டத் திருப்பித் தரச் சொல்லுச்சு. கொண்டு போனேன். அவன் வாங்கமாட்டேன்னு சிரிச்சான். இதை எந்தக் கெணத்துல வுடறது, நீங்களே சொல்லுங்க."

மருதேவி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "வெதை உளுந்து போட்டு வெப்போம். ஈரம் ஏறாது. ஆட்டுக்கும் எட்டாது."

"சரி. எங்க சின்னவன் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை நீங்கதான்."

"உங்க கடையில விழற துண்டுத்துணியை அனுப்புங்க, தெச்சுத் தரேன். ஆனா பை எல்லாம் திரும்பி வந்துடணும்."

"காலியாவா?" என்று கேட்டுக்கொண்டே தர்மநாதன் இலை முன் உட்கார்ந்தார்.

மலை உச்சியில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. மருதேவி ஓடிப்போய்ச் சோற்றுப் பானையை எடுத்து வந்தாள்.